பனிமய மாதா பெருவிழாவும் ரோமைப் பேராலய நேர்ந்தளிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழாவையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்பு இணைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். கொடியேற்றத்தின் படங்கள் நன்றாக வந்திருந்தன. நவநாள் வழிபாட்டு நேரங்களும் சப்பரப் பவனி பற்றிய விவரங்களும் வெளியூர் வாசகர்களுக்குப் பயன்பட்டிருக்கும். ஆனால் ‘திருவிழாவின் வரலாறு’ என்று தலைப்பிட்ட பகுதி, ரோமையில் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்த கதையோடு தொடங்கி, அதைச் சொல்லி முடித்த கையோடு தங்கத்தேருக்குத் தாவிவிட்டது. இடையில் கிடக்கும் பதினான்கு நூற்றாண்டுகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இந்த விழாவைக் கொண்டாடுகிற கத்தோலிக்கத் திருச்சபையே பனிக்கதையை நிறுவப்பட்ட வரலாறாக முன்வைப்பதில்லை என்பதையும், விழாவின் வேர் அந்தக் கதையைவிட உறுதியான ஓரிடத்தில் இருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் திருத்தந்தையாக (போப்பாக) இருந்தபோது, யோவான் என்ற ரோமைச் செல்வரும் அவர் மனைவியும் பிள்ளைப்பேறின்றி இருந்தனர். தங்கள் சொத்து முழுவதையும் மாதாவுக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்ட அவர்கள், அதை எவ்வாறு செலவிடவேண்டும் என்று தெரிவிக்கும்படி மன்றாடி வந்தனர். ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரவில், பனி விழுந்திருக்கும் இடத்தில் தனக்கு ஆலயம் கட்டும்படி மாதா கனவில் சொன்னார். திருத்தந்தைக்கும் அதே கனவு வந்தது. விடிந்ததும் சென்று பார்த்தால், கொளுத்தும் கோடையில் எஸ்குவிலின் குன்றின்மேல் வெண்பனி படர்ந்திருந்தது. திருத்தந்தை அந்தப் பனியின்மீதே ஆலயத்தின் அடித்தள வரைபடத்தைக் கீறினார் என்று கதை முடிகிறது. ஆண்டு 358 என்று பொதுவாகச் சொல்வார்கள்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்குப் பல நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அது எழுத்தில் தலைகாட்டுகிறது. இன்று அந்தக் குன்றின்மேல் நிற்கும் புனித மரியா பேராலயம், லிபேரியுசின் காலத்தைச் சேர்ந்தது அல்ல. 432 முதல் 440 வரை திருத்தந்தையாக இருந்த மூன்றாம் சிக்ஸ்துஸ் கட்டியது. நுழைவுப் பக்கச் சுவரில் அவர் பொறித்து வைத்த லத்தீன் செய்யுள் இப்போது அங்கே இல்லை என்றாலும், முற்காலத்தில் எடுத்துவைத்த படிகளின் வழியாக நமக்குக் கிடைத்துள்ளது. கன்னி மரியாவை விளித்து, இந்தப் புதிய இல்லத்தை உனக்கு நேர்ந்தளிக்கிறேன் என்று தொடங்கும் அந்தச் செய்யுளில் பனியைப் பற்றிய பேச்சே கிடையாது. அப்படியொரு அதிசயம் நடந்து நூறாண்டுகூட ஆகாத நிலையில், அதே இடத்தில் ஆலயம் எழுப்பியவர் அதைப் பற்றி வாய்திறக்காமல் இருந்திருப்பாரா என்ற கேள்வி எழுவது இயல்பு. இருபதாம் நூற்றாண்டில் பேராலயத்தின் அடியில் நடந்த அகழாய்விலும், சுவரில் நாட்காட்டி தீட்டப்பட்ட பழைய ரோமானியக் கட்டடம் ஒன்றுதான் வெளிப்பட்டதே தவிர, லிபேரியுஸ் கட்டியதாகச் சொல்லத்தக்க ஆலயத்தின் தடயம் கிடைக்கவில்லை.

அப்படியானால் சிக்ஸ்துஸ் எதற்காக இவ்வளவு பெரிய ஆலயத்தைக் கட்டினார்? இங்கேதான் விழாவின் உண்மையான வரலாறு தொடங்குகிறது. 431-ஆம் ஆண்டில் எபேசு நகரில் திருச்சபை ஆயர்களின் பொதுச்சங்கம் ஒன்று கூடியது. கான்ஸ்டான்டினோபிளின் ஆயராக இருந்த நெஸ்டோரியுஸ், மரியாவைக் கிறிஸ்துவின் தாய் என்று அழைக்கலாம், கடவுளின் தாய் என்று அழைக்கக்கூடாது என்று போதித்து வந்தார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் அதைக் கடுமையாக எதிர்த்தார். மேலோட்டமாகப் பார்த்தால் மரியாவுக்கு எந்தப் பட்டம் பொருந்தும் என்ற வழக்குபோலத் தோன்றும். உள்ளே இருந்த வழக்கு இயேசுவைப் பற்றியது. மரியாவின் வயிற்றில் பிறந்தவரும் என்றுமுள்ள இறைமகனும் ஒருவரே என்று ஏற்றால், அவரைப் பெற்றவள் கடவுளின் தாய் என்பதையும் ஏற்றுத்தான் ஆகவேண்டும். மறுத்தால், பிறந்தவர் ஒருவர், அவருக்குள் குடியிருந்தவர் வேறொருவர் என்று பிளவு ஏற்பட்டுவிடும். சங்கம் சிரிலின் பக்கம் நின்றது. அந்தத் தீர்மானம் வெளிவந்த அடுத்த சில ஆண்டுகளுக்குள் ரோமையில் எழுந்ததுதான் இந்த ஆலயம்.

இதற்குச் சான்று தேட நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை. ஆலயத்தின் உள்ளேயே இருக்கிறது. பலிபீடத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் பெரிய வளைவில் ஐந்தாம் நூற்றாண்டின் வண்ணக்கல் ஓவியங்கள் இன்றும் உள்ளன. வானதூதர் மங்களச் செய்தி சொல்லும் காட்சியில், மரியா எளிய கலிலேயப் பெண்ணாகத் தெரிவதில்லை. பொன்னாடையும் அணிகளும் பூண்டு, அரசகுலப் பெண்ணைப்போல் இருக்கையில் அமர்ந்து, கையில் செந்நிற நூலை நூற்றுக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் வெண்ணிற உடையில் தூதர்கள் காவல்போல் நிற்கிறார்கள். ஞானிகள் வணங்கும் காட்சியில் குழந்தை இயேசு தாயின் மடியில் இல்லை. ஆளுக்குப் பெரிதான ஓர் அரியணையில் தனியாக, தலைக்கு மேலே விண்மீன் ஒளிர, அரசனாகவே வீற்றிருக்கிறார். எபேசு சங்கத்தின் தீர்மானத்தை எழுதப்படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி கல்லில் பதித்திருக்கிறார்கள். வளைவின் உச்சியில், ஆயர் சிக்ஸ்துஸ் இறைமக்களுக்கு வழங்கியது என்ற பொருளில் மூன்று நான்கு சொற்களே உள்ள லத்தீன் வாசகம் இருக்கிறது. திருத்தந்தை என்றோ தலைமைக்குரு என்றோ போட்டுக்கொள்ளாமல் ஆயர் என்று மட்டும் எழுதி, கட்டடத்தை மக்களுக்கு உரியதாக ஆக்கிய அந்தச் சுருக்கம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

ஆகஸ்ட் 5-ஆம் நாள், இந்த ஆலயம் இறைவனுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட நாளாகக் கொண்டாடப்பட்டது. நீண்ட காலம் அந்த ஆலயத்தின் சொந்த விழாவாகவே அது இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் ரோமை நகரம் முழுவதற்கும் பரவியது. 1568-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அதைத் திருச்சபையின் பொது வழிபாட்டு நாட்காட்டியில் சேர்த்தார். அதற்குள் பனிக்கதை நன்றாக வேரூன்றிவிட்டிருந்ததால் விழாவின் பெயரிலேயே பனி ஏறிக்கொண்டது. பிறகு நடந்ததுதான் சுவையானது. 1741-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் செபப் புத்தகத்தைச் சீர்திருத்த அமைத்த குழு, இவ்விழா நாளில் வாசிக்கப்படும் பனிக்கதையை நீக்கிவிட்டு, விழாவின் பழைய பெயரையே திரும்ப வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. அதே பெனடிக்ட் அதே ஆண்டுகளில் பேராலயத்தின் முகப்பைப் புதிதாகக் கட்டச் செய்தார். கட்டடக் கலைஞர் பெர்தினாந்தோ ஃபூகா, பழைய முகப்பில் இருந்த பனிக்கதையின் வண்ணக்கல் ஓவியங்களை இடிக்காமல், அவற்றுக்கு முன்னால் ஒரு மாடத்தை எழுப்பிப் பாதுகாத்தார். யோவானின் கனவு, திருத்தந்தையின் கனவு, இருவரும் சந்திப்பது, பனியில் வரைபடம் கீறுவது என்று நான்கு காட்சிகளையும் இன்றும் அந்த மாடத்தில் நின்று பார்க்கலாம். ஏட்டிலிருந்து நீக்கலாம் என்று குழு சொன்ன கதைக்கு, கட்டடத்தில் புதிதாக ஒரு கூடமே கிடைத்துவிட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1969-இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது, அந்தப் பழைய பரிந்துரை ஏறக்குறைய நிறைவேறியது. இன்று திருச்சபையின் பொது நாட்காட்டியில் ஆகஸ்ட் 5, புனித மரியா பேராலய நேர்ந்தளிப்பு என்றே உள்ளது. அதுவும் விருப்ப நினைவுதான், அதாவது விரும்பினால் கொண்டாடலாம். மாதாவின் பெயரில் அமைந்த ஆலயத்தின் பாதுகாவலர் விழா அந்த ஆலயத்தில் மட்டும் பெருவிழாவாக உயரும் என்பது வழிபாட்டு ஒழுங்கு. தூத்துக்குடியில் அதே நாள் பெருவிழாவாகச் சிறப்பிக்கப்படுவது அதனால்தான். நெல்லை மாவட்டம் தெற்குக் கள்ளிகுளத்து அதிசய பனிமாதா ஆலயத்துக்கும் இது பொருந்தும். தங்கள் இணைப்பில், உலகெங்கும் கத்தோலிக்கர் இந்நாளைப் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர் என்று இருந்த வரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

பெயரை மாற்றினார்களே தவிர, ரோமையும் பனியைக் கைவிட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 5 அன்று திருப்பலியின்போதும் மாலைச் செபத்தின்போதும் பேராலயத்தின் பொன்வேய்ந்த மேற்கூரையிலிருந்து வெண்ணிற மலரிதழ்களைத் தூவுகிறார்கள். 1983 முதல், இரவில் ஆலயத்துக்கு வெளியே உள்ள சதுக்கத்தில் செயற்கைப் பனியும் பொழிகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சென்று செபித்த மாதா படம் இருப்பதும், 2025 ஏப்ரல் 26 அன்று அவர் அடக்கம் செய்யப்பட்டதும் இதே பேராலயத்தில்தான். அந்த அடக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் எத்தனை பேர், இது நம் தஸ்நேவிஸ் மாதாவின் (பனிமாதாவின் போர்த்துக்கீசியப் பெயர்) மூல ஆலயம் என்று எண்ணியிருப்பார்கள் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் நான் பேசிப் பார்த்தவரையில் அதிகம் பேர் இல்லை.

ரோமைக் குன்றுக்கும் முத்துக்குளித்துறைக்கும் உள்ள தொடர்பு சேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் வழியாக வந்தது. அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் முதல் திருப்பலியை 1538 கிறிஸ்துமஸ் நாளில் நிறைவேற்றியது இந்தப் புனித மரியா பேராலயத்தில். அவருடைய தொடக்ககாலத் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் நம் கடற்கரைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1535-37 காலத்தில், பரதவர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். சபையின் மூன்றாம் தலைவரான பிரான்சிஸ் போர்ஜியா, பேராலயத்தில் உள்ள அந்த மாதா படத்தைப் படியெடுக்க 1569-இல் அனுமதி பெற்று, படிகளைச் சபையினரின் மறைபரப்புத் தளங்களுக்கு அனுப்பினார். இந்தப் பின்னணியில், 1582-இல் சேசு சபையினர் தூத்துக்குடியில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பினர். ஐந்தாம் பயஸ் விழாவைப் பொது நாட்காட்டியில் சேர்த்துப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பனி கண்டறியாத கடற்கரையில் பனிமாதாவா என்று நகைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பிரேசில் நாட்டின் கிழக்குக் கரையில் போர்த்துக்கீசியர் 1585 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய நகரம், இன்றைய ஜுவான் பெசோவா, முதலில் இதே பனிமாதாவின் பெயரைத்தான் தாங்கியது. நம்மைப் போலவே தென்னையும் உப்புக்காற்றும் உள்ள ஊர் அது.

பேராலயத்தில் உள்ள மாதா சுரூபம் மணிலாவிலிருந்து சாந்தா எலெனா என்ற கப்பலில் 1555-இல் வந்து சேர்ந்தது என்பது ஊர் மரபு. தங்கள் இணைப்பும் அதை அப்படியே எடுத்தாண்டிருக்கிறது. வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளில் முதல் குடியேற்றத்தை அமைத்தது 1565-இல். மணிலாவைத் தலைநகராக்கிக்கொண்டது 1571-இல். 1555-இல் மணிலாவில் கிறிஸ்தவச் சுரூபம் செய்வதற்கோ அனுப்புவதற்கோ ஆள் இருந்திருக்க முடியாது. ஆகவே ஆண்டு தவறாக இருக்கவேண்டும், அல்லது புறப்பட்ட துறைமுகம் வேறாக இருக்கவேண்டும். பனிக்கதையைப் பற்றி ரோமையே கேள்வி எழுப்பிக்கொண்டதுபோல, நாமும் நம் மரபைப் பற்றிக் கேள்வி கேட்பதில் பக்திக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது. சுரூபத்தின் முன் முழந்தாளிடுகிற எந்தத் தாயும் கப்பலின் புறப்பாட்டுத் தேதியை நம்பி முழந்தாளிடுவதில்லை.

தூத்துக்குடிப் பகுதியின் வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளே போதுமான அளவு இருக்கின்றன. அவற்றைத்தான் இணைப்பு தவறவிட்டது. தமிழ் எழுத்தில் முதன்முதலாக நூல்களை அச்சேற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் காலமானபோது, அவர் உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு இந்த மாதா ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றைப் பேசுகிற ஒரு நாளிதழ் நினைவுகூரவேண்டிய இடம் அது. 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். சுரூப வணக்கத்தை ஏற்காதவர்கள். கத்தோலிக்கக் குருக்களை ஊருக்குள் இருக்கவிடாமல் விரட்டியவர்கள். அவர்களுடைய ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, விஜிலியுஸ் மான்சி அடிகளாரின் முயற்சியால், இப்போதைய ஆலயம் கட்டப்பட்டு 1713-இல் நிறைவுற்றது. இடி விழுந்தும் தாம் உயிர் பிழைத்ததற்கு நன்றியாக அவர் இதைக் கட்டினார் என்பது மரபு. அந்த மரபு எப்படியிருந்தாலும், தங்கள் மதத்தை வெறுத்த டச்சு வணிகக் கம்பெனியின் கண்முன்னாலேயே முத்துக்குளிக்கும் மக்கள் தங்கள் மாதாவுக்கு இவ்வளவு பெரிய கோவிலை எழுப்பிக்கொண்டார்கள் என்பது, என் கணிப்பில், எஸ்குவிலின் குன்றில் விழுந்த பனியைவிட வியப்பானது. இதற்கு இணைப்பில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

தங்கத்தேரைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். பரதவர் சாதித் தலைவர் தொன் கபிரியேல் தெக்குரூஸ் கோமஸ் செய்வித்த அந்தத் தேர் 1806 பிப்ரவரி 2 அன்று முதன்முதலாக இழுக்கப்பட்டது. ஆண்டுதோறும் அது தெருவுக்கு வருவதில்லை. 1713-இல் முடிந்த ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டான 2013-ஐப் போன்ற சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வெளிவரும். கடைசியாக 2023-இல் வந்தது. 1982-இல் இவ்வாலயம் பேராலயமாக உயர்த்தப்பட்டதையும் சேர்த்திருக்கலாம்.

இனி, விழாவின் பொருளைப் பற்றி. ஆகஸ்ட் 5-இன் மறையுரைகளில் பனி என்றாலே தூய்மை, ஆகவே மாதாவைப்போல் தூய்மையாக வாழ்வோம் என்ற விளக்கத்தைத்தான் பெரும்பாலும் கேட்கிறோம். அதில் பிழையில்லை, நல்ல மறையுரைதான். ஆனால் அத்துடன் நின்றுவிட்டால், விழா பிறந்த காரணம் மறைந்துபோகிறது. இது ஓர் இல்லத்தை இறைவனுக்கென்று ஒப்படைத்த நாள். ஆலய நேர்ந்தளிப்புத் திருச்சடங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆயர் பலிபீடத்தின்மீது கிறிஸ்மா தைலத்தை ஊற்றி வெறுங்கையால் தேய்க்கிறார், சுவர்களிலும் சிலுவை அடையாளமிட்டுத் தைலம் பூசுகிறார், பலிபீடத்தின்மேல் சாம்பிராணிப் புகை எழுகிறது, அதன் பிறகுதான் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின் உச்சந்தலையில் பூசும் அதே தைலத்தைத்தான் சுவருக்கும் பூசுகிறார்கள். கல்லால் ஆன இல்லமும் இறைவன் தங்கும் இடமாகிறது. தன் வயிற்றில் இறைமகனைத் தாங்கிய மரியாவும் அத்தகைய இல்லமே. ஆலய நேர்ந்தளிப்பையும் கடவுளின் தாய் என்ற பட்டத்தையும் ஒரே நாளில் இணைத்துப் பார்த்த சிக்ஸ்துசின் கருத்து இதுதான் என்று நான் கருதுகிறேன்.

நம் மக்கள் இதைக் கொள்கையாகப் படிக்காமலேயே ஒருவகையில் உணர்ந்திருக்கிறார்கள். ஜூலை 26 காலையில் கொடி ஏறும்போது பழைய துறைமுகப் பக்கத்திலிருந்து கப்பலின் சங்கொலி கேட்கும். நேர்ச்சைக்காரர்கள் பாலும் பழமும் கொண்டுவந்து நிற்பார்கள். உப்பும் மிளகும் கையில் பொதிந்து வைத்திருக்கும் பாட்டிமாரும் இருப்பார்கள். ஆகஸ்ட் 5 மாலை சப்பரம் வரும்போது வாசலில் மெழுகுதிரி ஏற்றி நிற்பவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கும் அது தங்கள் ஊர்க் கோவில். அந்த நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவதும் இந்த உறவை ஏற்றுக்கொண்டுதான்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். அடுத்த ஆண்டு சிறப்பு இணைப்பில், மரபு என்று சொல்லப்படுவதை மரபு என்றும், ஆவணத்தில் உள்ளதை ஆவணம் என்றும் தனித்தனியே குறிப்பிட்டு வெளியிடுங்கள். பனிக்கதையையும் விட்டுவிட வேண்டாம், ரோமைப் பேராலயமே அதை மாடம் கட்டிக் காத்து வருகிறது. அடுத்து, சுரூபம் வந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்கள் எழுத இப்போதே ஓர் அழைப்பு விடுங்கள். சேசு சபையினர் இந்தியாவிலிருந்து ரோமைக்கு எழுதிய பதினாறாம் நூற்றாண்டுக் கடிதங்கள் பெருமளவில் அச்சில் வந்திருக்கின்றன. 1555 முதல் 1582 வரையிலான தொகுதிகளில் தூத்துக்குடியைப் பற்றிய குறிப்புகளைத் தேடி எடுத்தால், அடுத்த கொடியேற்றத்துக்குள் இந்தச் சிக்கலுக்கு ஏதேனும் ஒரு விடை கிடைக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி.